பட்டரவாக்கத்தில் இறங்காதவர்

காலை 8.20க்கு ஆவடியில் புறப்பட்ட மின்ரயிலில், என் எதிரே ஜன்னலோரம் இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“கம்ப்யூட்டர் ஜம்முனு ஓடுது மச்சான். இரும்பு கடையற லேத்து மெஷின்தான் ஓடல.”

“இன்னா மாமே சொல்ற?”

“பழைய சிஸ்டம், வேலை நடக்கசொல்லவே அப்டேட்னு தானா அணைஞ்சிடும். பாதில நின்ன பீஸ் குப்பைக்குத்தான். ஓனர் கத்துவாரு. அதான் நேத்து அதை எடுத்துட்டு லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டேன்.”

“நல்லதுதானே?”

“லேத்துக்கு டிராயிங் அனுப்பற சாஃப்ட்வேர் பழைய சிஸ்டத்துலதான் ஓடும். அதுவும் போச்சு. லினக்ஸ் போடசொல்ல, எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கினேன்.”

“சிடி இருக்கும்ல?”

“எங்கியும் இல்ல. மெஷினை வித்தவன் கம்பெனியையே மூடிட்டான்.”

“ஓனருக்குத் தெரியுமா?”

“அவரைக் கேக்காமதான் போட்டேன். ஊருக்குப் போயிருந்தாரு, இன்னிக்கு வந்துடுவாரு.”

நண்பர், “அந்த லினக்ஸு இப்ப இன்னாதான் சொல்லுது?” என்றார்.

“ஆன் பண்ணா தமிழ்ல ‘நல்வரவு’ங்குது.”

நண்பர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

“பதினோரு வருசம் மச்சான். ஓனரு அந்த மெஷினை என்னைத் தவிர யாரையும் தொட உட மாட்டாரு.”

பட்டரவாக்கம் வந்தது. தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். நண்பரும் எழுந்தார்.

“வா மாமே, ஷிஃப்டுக்கு நேரமாவுது.”

“நீ போ.”

நண்பர் நடைமேடையிலிருந்து ஜன்னல் கம்பியைத் தட்டினார். ரயில் நகர்ந்தது. கொரட்டூரில் நான் இறங்கியபோதும், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தபடி அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.