தவளைக்கல்லுக்கு மேலே

ராஜாத்தி: இன்னும் ஒரு படி ராகி இருக்குது மாமா. நிறுத்தாதே, திருகைக் கல்லைச் சுத்து.

சென்னப்பன்: போதும் புள்ள... முழங்கைக்குக் கீழ கட்டையாட்டம் இறுகிப் போச்சு. விரலே விரிய மாட்டேங்குது.

ராஜாத்தி: கையத் தொங்க உட்டு உதறு. அப்புறம் சுத்து. மலையில இறுகினா என்ன பண்ணுவே?

சென்னப்பன்: ஆடி மாசத்துல இருந்து ராகி அரைக்கிறேன், கிணத்துல உருளை இல்லாம வெறுங்கயித்துல தண்ணி சேந்துறேன், எருமை கறக்குறேன். குந்தாரப்பள்ளிச் சந்தையில திம்மராயன் கேக்குறான், "உங்க ஊட்ல யாருப்பா பொண்டாட்டி"ன்னு!

ராஜாத்தி: நீ என்ன சொன்னே?

சென்னப்பன்: களி கிண்டணும், நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

ராஜாத்தி: அய்யோ மாமா! சிரிச்சா சிரிக்கட்டும். நாளைக்குக் கார்த்திகை. மலை உச்சியில நீ விளக்கு ஏத்துறப்ப வாய மூடிக்குவான்.

சென்னப்பன்: அதான் பயம்... வேற யாராச்சும் ஏறக் கூடாதா?

ராஜாத்தி: நல்லாருக்குதே! ஒருதரம் ஏத்துனவன் மூணு வருஷம் ஏத்தணும், அதானே ஊரு வழக்கம்? போன வருஷம் மாலைய மட்டும் வாங்கிக்கினே. ஊர்ப் பெரியவரு ராமப்பன் தலப்பாகை கட்டி உட்டாரு...

சென்னப்பன்: போன வருஷம் ஒரே மூடுபனி. கீழ நின்னவங்களுக்கு உச்சி விளக்கு வெளிச்சம் தவிர ஒண்ணும் தெரியலை. இந்த வருஷம் வானம் தொடைச்சு வச்சாப்பல இருக்குது. நான் பாதியில தொங்குனா ஊரே பாக்கும். மானம் போயிடும்.

ராஜாத்தி: தொங்க மாட்டே. தவளைக்கல்லுகிட்ட மட்டும் பாத்துக்கோ. அங்கதான் பாறை முன்னால துருத்திக்கினு நிக்குது. பயந்து நெரிச்சுப் புடிச்சா கை செத்துடும். எருமைக் காம்பு மாதிரிதான்... நெரிச்சா உதைக்கும்.

சென்னப்பன்: சரி, மெதுவாப் புடிக்கிறேன்.

ராஜாத்தி: தாண்டினதும் வலப்பக்கம் ஒரு பொந்து. ஒரு கைய முழங்கை வரைக்கும் உள்ள உட்டுக்கினு, இன்னொரு கைய உதறிக்கோ. அப்புறம் சுளுவு.

சென்னப்பன்: பொந்தா? இரு இரு... உனக்கு எப்டித் தெரியும்? பொம்பளைங்க அந்தப் பாறைய மிதிக்கவே கூடாதே!

ராஜாத்தி: கீழ இருந்து பாத்தா தெரியாதா? நீ சுத்து.

சென்னப்பன்: ...ராஜாத்தி.

ராஜாத்தி: ம்?

சென்னப்பன்: யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

ராஜாத்தி: இந்த ராகி மேல சத்தியம்.

சென்னப்பன்: போன வருஷம் நான் ஏத்தலை. தவளைக்கல்லு அடியில கை மரத்துப் போச்சு. அங்க இருக்குற குகையில குந்திக்கினேன். கொஞ்ச நேரம் கழிச்சு கண்ணத் தொறந்தா, பக்கத்துல வச்ச எண்ணெய்க் கலயத்தக் காணோம்... மேல விளக்கு எரியுது! சாமியே ஏத்திக்கிச்சு புள்ள.

ராஜாத்தி: சாமியா...

சென்னப்பன்: பின்ன? கண்ண மூடி அப்படி மனசாரக் கும்புட்டேன். ஆனா அந்த மாலைய வாங்கினது ஒரு வருஷமா நெஞ்சை உறுத்துது.

ராஜாத்தி: பொழுது சாயுது, விளக்கைக் காணோம், நீ உழுந்துட்டியோன்னு பயந்துட்டேன். பனியில யாரும் பாக்கலைன்னு ஏறி வந்துட்டேன். எட்டு வருஷம் இந்தக் கல்லைச் சுத்துன கை, இறுகவே இல்ல. வந்து பாத்தா நீ எங்க கும்புட்டே... குறட்டை உட்டுக்கினு இருந்தே மாமா! எழுப்ப மனசு வரலை. கலயத்தை எடுத்துக்கினு நானே மேல போயிட்டேன்... என்ன, கை நின்னு போச்சு? சுத்து, இன்னும் அரைப்படி இருக்குது.