நாலாவது சுவரை யார் கட்டச் சொன்னது

…அங்க இல்லப்பா, இங்க. இந்தச் சாக்பீஸ் கோடு தெரியுதா? கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுசும் உடைக்கணும். அந்தப் பக்கம் ஒரு சில்லு பெயரக்கூடாது. மேல பீம் இருக்கு. நீ அதைத் தொட்டா நான் உன்னைத் தொடுவேன்.

கோடு யார் போட்டதா? அவதான். டிசைன் மேனேஜர், முசோண்டா அம்மா. காலையில வந்து டேப்பை வச்சு அரை மணி நேரம் அளந்தா. சுவரைக் கட்டினவன் பக்கத்துலயே நிக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்கல.

நீ உன் உடைக்கற மெஷினுக்குக் காத்துக் குழாயை மாட்டு. மெதுவா மாட்டு, ஆனா இன்னிக்கே மாட்டு. ஸ்கேன் மெஷின் ஏத்தின லாரி நகொண்டே பார்டர்ல நிக்குது. நாளன்னைக்குக் காலையில இங்க கசாமாவுக்கு வந்துடும். இந்தச் சுவர் நின்னா மெஷின் உள்ள போகாது. வாசலோட திரும்பிப் போயிடும். அப்புறம் இந்த ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் அடுத்த வருஷம்தான்.

எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி இருக்கு. இந்தத் தாள். மேல சட்டைப் பையில வச்சிருக்கேன் பாரு. 'சுவர் ஏன் உடைக்கப்படுகிறது'ன்னு ஒரு வரி. பக்கத்துல காலி இடம். நாலு மணிக்குள்ள போட்டோ எடுத்து லுசாகா ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும். அந்தக் காலி இடத்துல யார் பேரு வருதோ அவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு அறுபத்து மூணு. இந்த வயசுல வேற எவன் கூப்பிடுவான்?

டிசைன் மேனேஜர்னா என்னன்னு தெரியுமா உனக்கு? தெரியாதுல்ல. நாப்பத்தோரு வருஷமா கட்டிடத்துல கிடக்கேன், எனக்கே தெரியாது. படம் வரையறது ஆர்க்கிடெக்ட். அவர் லுசாகாவுல. கம்பிக்குக் கணக்குப் போடறது என்ஜினியர். அவர் கிட்வேயில. கட்டறது நாங்க. நடுவுல இவ எதுக்கு? வரையவும் மாட்டா, கட்டவும் மாட்டா. கேட்பா. காலையில ஆர்க்கிடெக்டுக்குப் போன். 'உங்க கதவு என்ஜினியரோட பில்லர் மேல வந்து நிக்குதே, பார்த்தீங்களா?' மத்தியானம் என்ஜினியருக்குப் போன். 'பில்லரை ரெண்டு அடி தள்ள முடியுமா?' சாயங்காலம் தண்ணிக் குழாய் ஆளுக்கு. நாள் முழுக்க போனும் காதுமா. இதுக்கு ஒரு சம்பளம், ஒரு ஹெல்மெட். அதுவும் வெள்ளை ஹெல்மெட். ஒரு கீறல் இருக்காது.

எங்கிட்ட வந்தா, 'எந்த வாரம் எந்தப் படம் வேணும், பட்டியல் குடுங்க'ம்பா. வேணும்கறப்ப கேட்பேன், போம்மான்னேன். அவளே பட்டியல் போட்டு சைட் ஆபீஸ் கன்டெய்னர் சுவத்துல ஒட்டிட்டா. அன்னிலேர்ந்து படம் எல்லாம் ஒரு வாரம் முன்னாடியே வந்து விழுது. முன்னெல்லாம் படத்துக்காகப் பத்து நாள், பதினஞ்சு நாள் உக்காந்திருப்போம். சீட்டாடுவோம், தூங்குவோம். இந்த சைட்ல ஒரு நாள் சீட்டுக்கட்டை எடுக்க விடல. பொம்பளையா அது?

சிரிக்காதே. குழாயைப் பாரு, காத்து கசியுது.

அஸ்திவாரத்துல ஒண்ணு நடந்துச்சு. கழிவுக் குழாய் நேரா பீமுக்கு நடுவுல போகுதுன்னு கண்டுபிடிச்சா. நாங்க காங்கிரீட் போடறதுக்கு முந்தின நாள். ரெண்டு படத்தையும் ஜன்னல் கண்ணாடியில ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பிடிச்சாளாம், வெளிச்சத்துல தெரிஞ்சுதாம். மேனேஜருங்க எல்லாம் ஆகா ஓகோன்னாங்க. இதுல என்ன இருக்கு? நானும் பார்த்திருப்பேன்.

எப்பவா? காங்கிரீட் போட்டப்புறம் பார்த்திருப்பேன். பார்த்திருப்பேன்ல? விடு.

இந்த ரூம் விஷயத்துக்கு வா. ஸ்கேன் ரூம். கதிர் வெளிய வரக்கூடாதுன்னு சுத்தி காங்கிரீட் சுவர், ஒரு சாண் கனம். இவ என்ன சொல்றா? மூணு சுவரைக் கட்டுங்க, நாலாவதை விட்டுடுங்க. மெஷின் உள்ள போனப்புறம் கட்டிக்கலாம். ஏன்னா, மெஷின் வர்ற பெட்டி கதவைவிட அகலமாம். பெட்டியை வெளிய பிரிக்கக்கூடாதாம், மெஷினைக் கழட்டியும் கொண்டுபோக முடியாதாம். பெட்டி அளவு உனக்கு எப்படித் தெரியும்னேன். விக்கிற கம்பெனிக்கு அஞ்சு கடிதம் எழுதி வாங்கினாளாம். மெஷின் அளவைக் கேட்டா சரி. பெட்டி அளவுக்கு எவளாவது அஞ்சு கடிதம் எழுதுவாளா? கோழியை வாங்கப் போனவ கூடையோட ஜாதகத்தைக் கேட்ட மாதிரி.

மூணு சுவர் ரூம். நீயே சொல்லு, சிரிப்பு வருமா வராதா?

நீ பெம்பா இனம்தானே? பேச்சிலேயே தெரியுது. அவளும் பெம்பா. நான் சிப்பாட்டாக்காரன், ங்கோனி இனம். அப்ப உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. நம்ம பாட்டனுங்க ஈட்டியால குத்திக்கிட்டாங்க, நாம வாயால குத்திக்கிறோம். அது ரெண்டு இனத்துக்கும் நடுவுல வழக்கம், சாவு வீட்டுலகூட யாரும் கோவிச்சுக்கக்கூடாது. அவ இந்த சைட்டுக்கு வந்த முதல் நாளே, 'எலி தின்னி, பொந்தைவிட்டு வெளிய வா, படம் வந்திருக்கு'ன்னா. நான் விடுவேனா? 'குரங்கு தின்னிக்குப் படம் எதுக்கு, மரத்துல ஏறிப் பார்த்தா தெரியாதா'ன்னேன். அன்னிலேர்ந்து ரெண்டு வருஷம். ஒரு நாள் தவறினதில்ல. ஆளுங்க இதைக் கேட்கவே காலையில சீக்கிரம் வருவானுங்க.

போன வருஷம் என் வீட்டுக்காரி போயிட்டா. சிப்பாட்டாவுல அடக்கம். பஸ்ல ரெண்டு நாள் வந்தா இவ. நேரா வாசல்ல குறுக்க படுத்துக்கிட்டா. சவப்பெட்டியை எடுக்க விடமாட்டேங்கறா. 'இந்த எலிக் கூட்டத்துல சமைக்கத் தெரிஞ்சது இவ ஒருத்திதான், இவளைப் புதைச்சுட்டு இந்தக் கிழவனை எவன் தலையில கட்டப் போறீங்க'ன்னு கத்தறா. எல்லாரும் அழுதுட்டே சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்த ஒரு வாரத்துல அன்னிக்குத்தான் வாயைத் திறந்து கஞ்சி குடிச்சேன்.

…தண்ணி இருந்தா கொடு. தூசி.

போன திங்கட்கிழமை. காலையில ஆளுங்க எல்லாம் கூடி நிக்கிறோம். வந்தா. எலி இல்ல, பொந்து இல்ல. 'மிஸ்டர் ஜெரே, அந்த நாலாவது சுவரை நிறுத்தி வையுங்க'ன்னா. மிஸ்டர் ஜெரே. எங்கப்பனைத்தான் அப்படி மரியாதையா கூப்பிடுவாங்க, என்னை யாரும் கூப்பிட்டதில்ல. நானும் சும்மா இருந்திருக்கலாம். இருக்கல. 'மூணு சுவர்ல குரங்குதான் குடியிருக்கும். உன் சொந்தக்காரங்களுக்கு வீடு கட்டவா இந்த ஆஸ்பத்திரி'ன்னேன். பத்தொன்பது பேரும் சிரிச்சானுங்க. 'நான் இப்ப விளையாடல'ன்னா. அதுக்கு இன்னும் பெருசா சிரிச்சானுங்க. அவ படத்தை மேசையில வச்சா. சுவர் இருக்கற இடத்துல குறுக்குக் கோடு போட்டு 'கட்டாதே'ன்னு பெருசா எழுதியிருந்தா. அப்புறம் வேற வேலையா லுசாகா போயிட்டா, மூணு நாளைக்கு.

நான் அந்தப் படத்து மேல டீ கப்பை வச்சேன்.

புதன்கிழமை தாழ்வாரத்துச் சுவருக்குக் காங்கிரீட் ஊத்த அடிச்ச பலகை சும்மா கிடந்துச்சு. மிக்சர் ஓடிட்டிருந்துச்சு. ஆளுங்க கையைக் கட்டிட்டு நின்னானுங்க. பாதியில நிக்கற வேலையைப் பார்த்தா எனக்குக் கை அரிக்கும். அந்த நாலாவது சுவரைப் போடுடான்னேன். ஒருத்தன் கேட்டான், 'அந்த அம்மா வேண்டாம்னாங்களே'ன்னு. 'வரட்டும், நாலு சுவரைப் பார்த்து மயங்கி விழட்டும், தண்ணி தெளிச்சுக்கலாம்'னேன். நிசமாத்தான். அவ வந்து பார்க்கணும், கத்தணும், நான் ஒண்ணு சொல்லணும், அவ ஒண்ணு சொல்லணும். அவ்வளவுதான் மனசுல. மெஷின், பெட்டி எல்லாம் யாருக்கு ஞாபகம் இருந்துச்சு?

வந்தா. பார்த்தா. கத்தல. 'எத்தனை மணிக்குப் போட்டீங்க?' இது ஒண்ணுதான் கேட்டா. காங்கிரீட் எவ்வளவு இறுகியிருக்கும்னு கணக்குப் போட. உடனே போனை எடுத்து லாரிக்காரன்கிட்ட லாரி எங்க இருக்குன்னு கேட்டா. அடுத்த போன் உனக்கு.

நேத்து இந்தத் தாளைக் கொண்டுவந்து குடுத்தா. என்ன சொன்னா தெரியுமா? 'டிராயிங் தாமதமா வந்ததுன்னு எழுதிடுங்க, மிஸ்டர் ஜெரே. நான் கையெழுத்துப் போட்டுடறேன்.'

அவ்வளவுதான். பேங்க்ல கவுன்ட்டருக்கு வந்தவங்கிட்டப் பேசற மாதிரி.

யோசிச்சுப் பாரு. டிராயிங் தாமதம்னா யார் தலை உருளும்? அவ தலை. ரெண்டு வருஷத்துல ஒரு படம் தாமதமா வந்ததில்ல. அந்தப் பொய்யைத்தான் என் கையால எழுதச் சொல்றா. எனக்குப் பிச்சை போடறாளாம். இவ யாரு எனக்குப் பிச்சை போட? திட்டட்டும். கிழட்டுப் பயலே, காதுல காங்கிரீட் ஊத்தி வச்சிருக்கியான்னு கேட்கட்டும். ஒரு வசவுகூட இல்ல. ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்பு. மரியாதையா பேசறவங்களை என்ன பண்றது?

மணி என்ன ஆகுது? மூணரையா?

பேனா வச்சிருக்கியா? பென்சில் வேண்டாம், பேனா. குனி, உன் முதுகுல வச்சு எழுதறேன். ஆடாதே.

'வேண்டாம்னு சொன்னாங்க. சிரிச்சேன். கட்டினேன். ஜே. ஜெரே, ஃபோர்மேன்.'

போதும். என்ன பார்க்கற? வீட்டுக்கு அனுப்புனா போறேன், சிப்பாட்டாவுக்கு பஸ் இல்லையா என்ன?

தேதியா? ஆமா, போடல. அது வேணும்னேதான். அதுக்காவது அவ தாளைத் தூக்கிட்டு வந்து என்னைத் திட்டட்டும்.

கன்டெய்னர்ல குடுத்துட்டு வந்துடறேன். நீ உன் உடைக்கற மெஷினைப் போடு. கோட்டைத் தாண்டாதே. அவ சரியாத்தான் அளந்திருப்பா.