கிணற்றுக்கு ஒரு உருண்டை

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பஸ். முன்சீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துத் திரும்பும் புருஷனும் பொண்டாட்டியும்.

"கடலுக்கடியில கரண்ட்டைச் சேத்து வைக்கிற வேலையாம். அவனுக்கா எம் பொண்ணு?"

"அவளுக்குப் புடிச்சிருக்கேடி. பெரிய காங்கிரீட் உருண்டையக் கடல்ல எறக்கிருவாங்களாம். கரண்ட் மிஞ்சுறப்ப, உள்ள இருக்கிற தண்ணிய மோட்டார் வெளிய தள்ளுமாம். கரண்ட் வேணும்னா கதவத் தொறப்பாங்களாம். கடல் உள்ள பாஞ்சு டர்பைனைச் சுத்துமாம்."

"ஊரே தண்ணி எடுக்க மோட்டார் போடுது. இவன் தண்ணிய வெரட்டப் போடுறான்!"

"ராத்திரி மிஞ்சுனது பகல்ல கெடைக்கும்ல?"

அந்தம்மா சட்டென்று திரும்பினார். "நம்ம பம்புசெட்டுக்கு, நாம தூங்குறப்ப வர்ற த்ரீபேஸ் கரண்ட்டுமா?"

"அதுந்தான்."

பஸ் உடையார்பாளையம் தாண்டியது. அந்தம்மா சொன்னார்:

"பொண்ணக் குடுப்போம். ஆனா நம்ம கெணத்துல ஒரு உருண்டை எறக்கணும். மாப்ள வூட்டுச் சீரு அதான்னு சொல்லிருங்க."