தொட்டிச் சுவரில் கேட்ட தட்டல்

என் பெயர் யுலாலி கர்பாஸ். வயது எழுபத்தெட்டு. காலஞ்சென்ற செலெஸ்தென் கர்பாஸின் மனைவி. அக்லி ஆற்றுக்கு மேலே வில்ஃபோர்க் கிராமத்தில், மேல் தெருவின் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். எங்கள் திராட்சைத் தோட்டமும் ஒயின் கூடமும் அந்த வீட்டோடு சேர்ந்தவை. பெர்ப்பின்யான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தேன். என் கண் தெளிவாக இருக்கிறது, காதும் அப்படியே. பின்னால் காதைப் பற்றிக் கேள்வி வரும் என்பதால் அதை இந்த வாக்குமூலத்தின் முதலிலேயே பதியச் சொன்னேன்.

என் கணவர் இறந்த துக்கத்தைச் சொல்லி, ஒயின் தொட்டிக்குள் பாடக்கூடாது என்று என் மகன் கிலெமை நான் தடுத்ததாகவும், அதனால்தான் அவன் இறந்தான் என்றும் ஊரில் பேசுகிறார்கள். அது உண்மையல்ல. வீட்டில் வானொலியை நிறுத்தச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்தையும் நிறுத்தினேன். தொட்டிப் பாட்டை நான் தடுக்கவில்லை. தொட்டியில் பாடுவது கேளிக்கை அல்ல, காவல்.

ஒயினை வடித்த பிறகு தொட்டியின் அடியில் திராட்சைச் சக்கை தங்கும். ஒருவர் மேல்வாய் வழியாக ஏணியில் இறங்கி அதை வாரிக் கூடையில் போட, மற்றொருவர் கயிற்றால் மேலே இழுக்க வேண்டும். சக்கையைக் கிளறினால் கெட்ட காற்று எழும். அதற்கு நிறமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அதனால் இறங்கும் முன் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்போம். அதன் பிறகு இறங்கியவர் விடாமல் பாட வேண்டும். பாட்டு நின்றால் மேலே இருப்பவர் எதையும் கேட்காமல் கயிறு போட்டு அவரை இழுக்க வேண்டும். என் கணவர் கடைசி வரை தொட்டியின் வாயருகே உட்கார்ந்து அந்தப் பாட்டை முதலில் எடுத்துக்கொடுப்பார். சென்ற ஏப்ரலில் அவர் இறந்தார். இந்த அறுவடையில் அந்த இடத்தில் உட்கார ஆளில்லை.

சம்பவம் நடந்தது அக்டோபர் மாதத்தில், மலைச்சரிவில் உள்ள பழைய கரினியான் வகைத் திராட்சைக் கொடிகளின் ஒயினை வடித்த மறுநாள் காலை. அந்தக் கொடிகள் என் கணவரின் பாட்டனார் நட்டவை. தொடை அளவு பருத்து முறுக்கிக் கிடக்கும். கொடிக்கு இரண்டு மூன்று குலைதான் தரும். அதிலிருந்து ஒரு தொட்டி ஒயின் மட்டுமே கிடைக்கும். அன்று காலை என் மகனும், எங்களிடம் இளவயதிலிருந்து வேலை செய்யும், எல்லைக்கு அப்பால் அரகோன் பகுதிக்காரர் யூசெபியோ லனாஸ்பாவும், நானும் ஒயின் கூடத்தில் நின்று அதைச் சுவைத்தோம்.

"அப்பா இருந்திருந்தா இதக் குடிச்சிட்டு, 'பரவாயில்ல'ன்னு சொல்லியிருப்பாரு," என்றான் கிலெம்.

"அவரு 'பரவாயில்ல'ன்னு சொல்லிட்டா, மத்தவன் தொப்பியக் கழட்டிறணும், சின்ன முதலாளி," என்றார் யூசெபியோ.

கிலெம் என்னைக் கேட்டான். இன்னும் கொஞ்சம் முரடாக இருக்கிறது என்று சொன்னேன். அது நல்ல ஒயின். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு மெழுகுவர்த்தியை இறக்கினார்கள். அது அணையவில்லை. நான் என் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு யூசெபியோ, "ம், பாட்ட எடுங்க," என்றார்.

"அப்பா பாட்டு தொண்டையத் தாண்டி வரமாட்டேங்குது. சக்கை வார்ற வாரியோட காம்பால செவுத்துல தட்டிக்கிட்டே இருக்கேன். நான் பாடுறதுக்கு அது எவ்வளவோ மேல்."

"நெசந்தான். தெருநாய்களுக்கும் நிம்மதி," என்று யூசெபியோ சொன்னார். என் மகன் சிரித்துக்கொண்டே இறங்கினான். இந்த வார்த்தைகள் பேசப்பட்டபோது நான் அங்கே இருந்தேன். நான் எதுவும் சொல்லவில்லை.

இறங்குவதற்கு முன் கிலெம் தன் கையாலேயே பம்பை ஓடவிட்டிருந்தான். வடித்த ஒயினைக் கீழ்க்குழியிலிருந்து பீப்பாய்களுக்கு ஏற்றுவதற்காக. என் கணவர் இருந்தபோது இரண்டு வேலையும் ஒரே நாளில் நடந்ததில்லை. இந்த ஆண்டு ஆள் குறைவு. பம்பின் குழாயை தான் இறங்கிய தொட்டியின் வெளிச்சுவரில் சாய்த்து வைத்தவனும் அவன்தான்.

அதன் பிறகு நான் முற்றத்தில், கூடத்தின் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பீன்ஸ் உரித்தேன். யூசெபியோ முதல் கூடைகளை இழுத்து, முற்றத்தின் மறுபுறம் உள்ள பிழியும் பொறியில் கொட்டினார். பொறி நிரம்பி வந்ததும் சக்கையைச் சமப்படுத்த அங்கேயே நின்றார். அவர் புகைபிடிக்கப் போனார், குடிக்கப் போனார் என்று என் மருமகள் மிரேய் புகாரில் எழுதியிருக்கிறாள். மிரேய் அப்போது வீட்டில் இல்லை. நான் இருந்தேன். அவர் என் பார்வையை விட்டு விலகவில்லை. ஒருமுறை கை ஓய்ந்து, தலையைக் கூடத்தின் பக்கம் சாய்த்துக் கேட்டார். தட்டல் கேட்டது. எனக்கும் கேட்டது. ஒரே சீராக, அவசரமில்லாமல் கேட்டது. மகன் நலமாக இருக்கிறான் என்று எண்ணி, அந்தத் தட்டலுக்கு ஒரு நெற்று என்று நான் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு பீப்பாய்கள் நிரம்பும் நேரமாயிற்று என்று யூசெபியோ உள்ளே போய் பம்பை நிறுத்தினார். அந்தக் கணமே தட்டலும் நின்றது.

அவர் கத்திய கத்தலை இங்கே எழுத வேண்டியதில்லை. மேலே ஏறி மெழுகுவர்த்தியை இறக்கினார்; அது அணைந்தது. அணைந்ததைப் பார்த்த பிறகும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கி, என் மகனின் அக்குளில் கயிறு மாட்டினார். என் கூச்சல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டார் இருவரையும் இழுத்தார்கள். யூசெபியோ வாந்தியெடுத்துப் பிழைத்தார். என் மகன் பிழைக்கவில்லை. மருத்துவர், அவன் இறந்து வெகுநேரம் ஆகியிருக்கிறது என்றார். அப்படியானால் நான் உரித்த பீன்ஸில் பெரும்பகுதியை அவன் இறந்த பிறகு உரித்திருக்கிறேன்.

அவன் கைகளை நான் கழுவினேன். முழங்கை வரை ஏறியிருந்த திராட்சைக் கறை எலுமிச்சைக்கும் போகவில்லை. அப்படியே அடக்கம் செய்தோம்.

அதன் பிறகு காவல் அதிகாரிகள் வந்து தொட்டியை அளந்தார்கள். ஒயினில் மாதிரி எடுத்து, பீப்பாய்களுக்கு முத்திரை வைத்தார்கள். யூசெபியோ கவனக்குறைவால் மரணம் விளைவித்தார் என்று வழக்குப் பதிந்தார்கள். பம்பை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் நான் குழாயை அதே இடத்தில் சாய்த்து, குழியில் தண்ணீர் விட்டு, பம்பை ஓடவிட்டு, என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பம்பின் ஒவ்வொரு இழுப்புக்கும் குழாய் துள்ளி, அதன் பித்தளை மூட்டு தொட்டிச் சுவரில் இடித்தது. தண்ணீர் என்பதால் சத்தம் சற்று மெலிவாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சீர் அதேதான். என் மகன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒயின்.

மிரேயைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் காதுகொடுக்கவில்லை. "அந்தாளக் காப்பாத்தப் பம்பப் பேச வைக்கிறீங்களா அத்தை? உங்க மூஞ்சியப் பாத்தா எவனுக்குப் பாட்டு வரும்?" என்றாள். நான் போய் பம்பை நிறுத்தினேன். அவள் கணவனை இழந்தவள்.

ஏன் இதை நீங்களே காவலரிடம் சொல்லவில்லை என்று யூசெபியோவைக் கேட்டேன். "செத்துப்போன ஆளு தட்டுனத நான் கேட்டேன்னு சொல்லவா மாதாம்? என்னைப் பைத்தியக்காரன்னுல்ல எழுதுவாங்க," என்றார். ஆகவே நான் சொல்கிறேன். நானும் கேட்டேன். அவர் குற்றவாளி என்றால், அவரைவிடக் கூடத்துக்கு அருகில் உட்கார்ந்திருந்த என்னையும் அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் கோரிக்கை இது. அதிகாரிகள் பீப்பாய்களின் முத்திரையை உடைத்து, ஒயினைக் குழிக்குத் திருப்பி, குழாயை அதே சுவரில் சாய்த்து, பம்பை ஓட்ட வேண்டும். ஒருவர் யூசெபியோ நின்ற இடத்தில் நின்று கேட்க வேண்டும். தண்ணீரை வைத்துச் செய்ய வேண்டாம். பிறகு அந்த மெலிவைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். பழைய கொடியின் ஒயின் இப்படி அலைக்கழித்தால் தாங்காது என்று என் கணவர் சொல்வார். அது என் மகன் செய்த கடைசி ஒயின். கெட்டுப்போனால் போகட்டும். அதற்காக நான் யாரிடமும் ஈடு எதுவும் கேட்கமாட்டேன்.

இதை முன்பு நான் காவல் அதிகாரிகளிடம் வாய்மொழியாகக் கேட்டபோது "பார்க்கலாம் மாதாம்" என்று பதில் வந்தது.

மேலே உள்ளவை நான் சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, இரண்டு இடங்களில் நான் திருத்திய பின், உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். அங்கே நின்று கேட்டவருக்கு என்ன கேட்டது என்பதை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.

(ஒப்பம்) யுலாலி கர்பாஸ்