பன்ரெண்டு பஸ் ஸ்ரொப்பும் ஒரு பிணையும்

வாரும் அன்புராசா, ஏன் வாசலிலை நிண்டு கீழை பாத்துக்கொண்டு நிக்கிறீர்? உள்ளுக்கு வாரும். சப்பாத்தோடை வந்தாலும் பரவாயில்லை.

ஓம், கடிதம் எனக்கும் கொப்பி வந்தது. கொம்பனிக்காரர் பிணை தரமாட்டினமாம். ஒரேயொரு வரி, அதிலையும் கமா பிழை. சரி, சரி, உமக்கு இப்ப கமாவோ பெரிசு. இரும், தேத்தண்ணி போடுறன். வேண்டாமோ?

உம்மிலை ஒரு பிழையும் இல்லை, அதை முதல் சொல்லிப்போடுறன். வோபர்ன் சங்க ஒபிசிலை கிழமைக்கு ரெண்டு நாள் இருந்து, உம்மைப்போல சின்னக் கொன்ராக்டர்மாருக்குச் சும்மா போம் நிரப்பிக் குடுக்கிறன், ஆறு வருசமாய். உம்மடையைப்போல சுத்தமான ஃபைல் நான் காணேல்லை. பன்ரெண்டு பஸ் ஸ்ரொப்புக்குக் கொன்கிரீட் போடுறது உமக்கு ஒரு வேலையே? ஆனால் நீர் இடையிலை விட்டிட்டுப் போனால் நாங்கள் முடிச்சுக் குடுப்பம் எண்டு ஒரு கொம்பனி பிணை நிக்கவேணும். இல்லாட்டி சிற்றிக் கவுன்சில் உம்மடை விலையைத் திரும்பியும் பாராது.

வியாழக்கிழமை ரெண்டு மணியோடை ரெண்டருக்கு விலை குடுக்கிறது முடியுது, தெரியும். இதை நம்பி நீர் பிறம்ரனிலை வந்த வேலையை விட்டதும் தெரியும். வேறை கொம்பனியோ? ரெண்டு நாளிலை ஏலாது ஐசே.

ஓம், விசாரிக்கிறதுக்கு என்ரை பேரைத்தான் போட்டம். நான்தானே போடச் சொன்னனான். ஓம்... கொம்பனியிலையிருந்து போன் எடுத்தவை. ஸ்டெபனி எண்டு ஒரு பிள்ளை, நல்ல மரியாதை. எத்தினை வருசப் பழக்கம் எண்டா. எட்டு. நேர்மையான ஆளோ? நூறு வீதம். குடிக்கிறவரோ? கலியாண வீட்டிலையும் தொடார் எண்டன். பிறகு, உங்கடை வீட்டிலை ஏதும் கொன்கிரீட் வேலை செய்தவரோ எண்டு கேட்டா.

நான் பொய் சொல்லாத ஆள், உமக்குத் தெரியுந்தானே. இல்லை, போன வருசம் வேறை ஆக்களைப் பிடிச்சனான் எண்டன். லொறியிலை பேர் பெரிசாய் எழுதின ஆக்கள்.

ஏன் எண்டு கேட்டா.

அது கொஞ்சம் பெரிய வேலை எண்டு சொல்லிப்போட்டன்.

ஓம் அன்புராசா. நீர் வாசலிலை நிண்டு பாத்தீரே, உதுதான். மூண்டு படி. முதல் பனிக்கே வெடிச்சுப்போச்சு.