பேண்டேஜ் துணியில் சிக்கிய கண்மாய்

மணி அடிக்காமலேயே மாணவர்களை அமைதியாக்கிப் பழகியவரும், இன்று இந்த அவைக்குத் தலைமை தாங்க வந்திருப்பவருமான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பரிபூரணம் அம்மையார் அவர்களே. இந்த மேடைக்கும், மேலே உள்ள பந்தலுக்கும், சற்று முன் நான் குடித்த சோடாவுக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட விசைத்தறி உரிமையாளர் சேதுபதி அண்ணாச்சி அவர்களே. ராஜபாளையத்திலிருந்து பேருந்து ஏறி வந்து, இடம் கிடைக்காமல் நிற்கும் பெரியோர்களே. இடம் கிடைத்தும் பேச்சு நீளுமோ என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே. அடுப்பை அணைத்துவிட்டு உலக மீன்வள தினம் கொண்டாட வந்திருக்கும் தாய்மார்களே. வன்னியம்பட்டிப் பக்கமிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் சடைச்சி கண்மாய்க் கரை மக்களே. மழையில் நனைந்த உங்கள் கால்களுக்கும் சேர்த்து என் பணிவான வணக்கம்.

களவு மீன்பிடிப்பைத் தடுக்க உலக நாடுகள் எடுக்கும் முயற்சிகள் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நின்று பேசும் இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். மேற்கே மலை. மற்ற மூன்று பக்கமும் வயலும் தோப்பும் தறியும். கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் காலையில் பஸ் பிடிக்க வேண்டும். இந்த ஊரில் கடலைப் பற்றிப் பேச ஒருவரை அழைக்கத் துணிந்த விழாக் குழுவை வாழ்த்துகிறேன். என்னை வாழ்த்துவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

கடலில் களவு எப்படி நடக்கிறது? கத்தியைக் காட்டியா? இல்லை. ஒரு கப்பல் தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகும் கருவியை அணைத்துவிடுகிறது. இருட்டில் அல்ல, பட்டப்பகலில் மறைந்துவிடுகிறது. அடுத்தவர் எல்லைக்குள் நுழைகிறது. பெரிய மீனை அள்ளுகிறது, சிறிய மீனை அள்ளுகிறது, நாளைக்குப் பிறக்க வேண்டிய மீனையும் அள்ளுகிறது. பிடிபடும் நிலை வந்தால் பெயரை மாற்றுகிறது. பெயர் போதவில்லை என்றால் கொடியை மாற்றுகிறது. கடலே இல்லாத நாட்டின் கொடியைக் கட்டிக்கொண்டு திரிந்த கப்பல்கள்கூட உண்டு. இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எந்தெந்த ஊரிலோ கிண்டிய பால்கோவா நம் ஊர்ப் பெயரை ஒட்டிக்கொண்டு எத்தனை பேருந்து நிலையங்களில் விற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படி அள்ளப்படுவது எவ்வளவு? உலகில் பிடிபடும் மீனில் ஐந்தில் ஒன்று என்று ஒரு மதிப்பீடு. அந்த ஐந்தில் ஒன்று யாருடைய தட்டிலிருந்து போகிறது? கறி வாங்க வசதி இல்லாத வீட்டின் தட்டிலிருந்து போகிறது. மீனைத் தவிர வேறு சத்து எட்டாத கரையோரத்துக் குழந்தையின் தட்டிலிருந்து போகிறது.

நாடுகள் கூடின. கூடினால் பேசுவார்கள், பேசினால் சாப்பிடுவார்கள், சாப்பிட்டால் கலைவார்கள் என்று நானும் நினைத்தேன். ஆனால் இரண்டு நல்ல காரியம் நடந்துவிட்டது. ஒன்று, துறைமுக ஒப்பந்தம். கடல் முழுக்கத் திருடனை விரட்ட முடியாது. ஆனால் அவன் மீனை எங்காவது இறக்கித்தானே ஆக வேண்டும்? இறக்க விடாதே என்றார்கள். செண்பகத்தோப்பில் வனத்துறைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பதைப் போல, துறைமுக வாசலில் கப்பலை நிறுத்திப் பார் என்றார்கள். இரண்டாவது, மானிய ஒப்பந்தம். களவு செய்யும் கப்பலுக்கு அரசே மானியம் கொடுத்துக்கொண்டிருந்ததாம். அதை நிறுத்து என்று பல வருடம் வாதாடி, சென்ற செப்டம்பரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். திருடனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கக் கூடாது என்ற முடிவுக்கு வர மனித குலத்துக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. பரவாயில்லை, வந்துவிட்டோம்.

என்ன ஐயா? சத்தமாகக் கேளுங்கள். "நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்கிறார், தூணுக்குப் பக்கத்தில் நிற்பவர். இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் கடலில் நீந்தினேன். கரைக்கு வருகிறேன்.

சடைச்சி கண்மாய்க்கு ஒரு சட்டம் இருக்கிறது. எந்த மாநாட்டிலும் எழுதியதல்ல. மழைக்காலத்தில் தண்ணீர் நிறையும், மீன்குஞ்சு விடுவார்கள். வைகாசியில் தண்ணீர் வற்றும்போது ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசுவார். துண்டு வீசும் வரை ஒருவரும் இறங்கக் கூடாது. வீசிய பிறகு யாரும் இறங்கலாம். சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. அடியில்லாத ஊத்தாக் கூடையை வைத்து அமுக்கி, உள்ளே கை விட்டு, கிடைத்ததை எடுத்துப் போகலாம். அன்று சுற்றுவட்டாரத்தில் குழம்பு கொதிக்காத வீடு இருக்காது.

மூன்றாவது வரிசையில் நீலச் சேலையில் அமர்ந்திருக்கும் குருவம்மாளை உங்களில் பலருக்குத் தெரியும். கண்மாய் மீனைக் கூடையில் எடுத்து நம் தெருக்களில் விற்பவர். போன மார்கழியில் அவர் கண்மாய்க் கரையில் நடந்து போகும்போது நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து ஒரு வெள்ளைத் துணியை விரித்து நின்றார்களாம். பேண்டேஜ் துணி. உலகத்தின் காயங்களை எல்லாம் கட்ட நம் பக்கத்துத் தறிகளில் நெய்யும் அதே துணி. கொசுகூட நுழைய யோசிக்கும் கண். தலைமை தாங்கி நின்றவர் தறி ஓட்டும் சங்கிலிப்பாண்டி. அங்கே நடந்த பேச்சுவார்த்தையை, குருவம்மாள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"ஏலே சங்கிலி, என்னலே செய்யுதிய?"

"துணி அலசுதோம் சித்தி."

"அலசுற துணியில எதுக்குலே ஈயக்குண்டு கட்டிருக்கு?"

"காத்துல பறந்துரும்லா."

"தண்ணிக்குள்ளயாலே காத்தடிக்கி?"

"இந்த வருசம் காத்து எல்லா இடத்துலயும் அடிக்கி சித்தி. நீ போ, கால் வழுக்கும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் கவனியுங்கள்: பெயரை மாற்றிய கப்பலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே சில கப்பல்கள் களவுக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைக்கின்றன. இங்கே அலசல் என்று பெயர். துணி அலசும் ஊரில்தான் இந்தப் பொய் செல்லும். வேறு எந்தக் கரையிலும் வாய் திறக்க முடியாது. அலசிய துணியைத் தூக்கினால் உள்ளே விரல் நகம் அளவு மீன்குஞ்சு, பிடி பிடியாக. பாதி கோழித் தீவனத்துக்குப் போனது. மீதி நம் கடைத்தெருவுக்கு வந்து, மாவில் புரண்டு, எண்ணெயில் பொரிந்து, பொடிமீன் வறுவல் என்ற பெயரில் காகிதத் தட்டில் ஏறியது. சாப்பிட்டவர்கள் வேறு யாரும் அல்ல. மொறுமொறுப்பாக இருந்தது என்று என்னிடமே சொன்னவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். பயப்படாதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

வைகாசி வந்தது. துண்டு வீசினார்கள். ஊர் முழுக்க இறங்கியது. சேறோடு ஏறியது. குருவம்மாள் காலிக் கூடையோடு வீட்டுக்குப் போனார்.

இந்த வருடம் அவர் மகள் பாண்டீஸ்வரி பிள்ளை உண்டாகியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்றார்கள். மீன் சாப்பிடச் சொல்லு என்று நர்ஸ் சொன்னாராம். குருவம்மாள் கேட்டாராம், "எந்த மீனை தாயி?" ஊருக்கெல்லாம் மீன் கொடுத்தவர் மகளுக்கு மீன் இல்லை. ஐஸ் பெட்டியில் வரும் கடல் மீனைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. உணவுப் பாதுகாப்பு என்றால் என்ன என்று பெரிய பெரிய புத்தகங்களில் தேடியிருக்கிறேன். அந்த அம்மா கேட்ட கேள்வியை விடத் தெளிவாக எங்கும் கண்டதில்லை. சித்திரையில் பிள்ளை பிறக்கும். பெற்ற உடம்பு தேற வேண்டிய மாதம் வைகாசி. கண்மாயில் போன வாரம் குஞ்சு விட்டாயிற்று. நேற்றுச் சாயங்காலம் கரையில் வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

இருங்கள், பின்னால் ஒருவர் எழுந்திருக்கிறார். வாருங்கள் சங்கிலிப்பாண்டி, நீங்களும் வந்தது நல்லது. அவர் கேட்பது உங்களுக்குக் கேட்டதா? "நூல் வராம தறி நின்னா எம்புட்டு நாளைக்குச் சும்மா இருக்க? எம் புள்ளைக்கும் பசிக்கும்லா?"

கேட்க வேண்டிய கேள்வி. கை தட்ட வேண்டாம், பதில் சொல்ல வேண்டும். தம்பி, உங்கள் பிள்ளைக்கும் பசிக்கும். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் குஞ்சு உங்கள் பிள்ளையுடையதும்தான். வைகாசியில் கையளவு வளர்ந்து உங்கள் ஊத்தாவுக்குள் வர வேண்டியதை, மார்கழியில் கோழிக்குப் போடுகிறீர்கள். தறி நிற்கும் நாளில் உங்களுக்கு வேலை கொடுப்பது இந்த ஊரின் கடமை. கண்மாய்க்குக் காவல் போட ஆள் வேண்டும், அதற்கு ஊர்ப் பொதுவிலிருந்து கூலி கொடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். முதல் ஆளாக உங்களையே முன்மொழிகிறேன். அலசுகிறவர்கள் எந்த இடத்தில் அலசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. என்ன சொல்கிறீர்கள்? "யோசிச்சுச் சொல்லுதேன்" என்கிறார். நாடுகள் எடுத்துக்கொண்டதை விடக் குறைந்த காலத்தில் யோசியுங்கள்.

இனி சேதுபதி அண்ணாச்சி. பந்தல் போட்டவரைப் பந்தலுக்குள்ளேயே கேட்பது மரியாதை இல்லை; வெளியே போனால் மழை, அதனால் இங்கேயே கேட்கிறேன். அந்தத் துணி உங்கள் தறியில் கழித்துப் போட்ட துணி. நல்ல மனதோடு, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தீர்கள். நாடுகள் பல வருடம் வாதாடி நிறுத்திய மானியம் இதுதான் அண்ணாச்சி. கழித்த துணியைக் கிழித்துப் போட்டு வெளியே விடுங்கள். முழுத் துண்டாக வாசலைத் தாண்டக் கூடாது. ஒலிபெருக்கியை நீட்டுகிறேன்.

"கிழிச்சே போடுதேன். பந்தலைப் பிரிக்கச் சொல்லிராதீய."

நன்றி. பந்தல் பிழைத்தது.

மிச்சம் இருப்பது துறைமுகம். எது துறைமுகம்? ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்தான் துறைமுகம். கடைத்தெரு துறைமுகம். வறுவல் சட்டி துறைமுகம். உங்கள் நாக்கு துறைமுகம். வாங்குவோர் இருக்கும் வரை வலை விரியும். வாங்கும் கை மடங்கினால் வலையும் மடங்கும். கண்மாயைச் சுற்றி எத்தனை காவல் போட்டாலும், நகத்தளவு மீன் தட்டில் வரும்போது தள்ளிவைக்க நமக்கு மனம் இல்லை என்றால், அந்த நாலு பேர் பிடித்த துணியின் ஐந்தாவது மூலையை நாம்தான் பிடித்திருக்கிறோம். பிடித்திருக்கப் போகிறோமா? விடப் போகிறோமா?

விடப் போகிறவர்கள் எழுந்து நில்லுங்கள். ஏற்கெனவே நிற்பவர்கள் கையைத் தூக்குங்கள். இடம் கிடைக்காததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கால் வலியாக இருக்கலாம், தவறாக நினைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவர் நினைப்பார்.

நல்லது. எழுந்துவிட்டீர்கள். எழுந்தவர்களை இன்னும் நிற்க வைப்பது பாவம் என்பதால் முடிக்கிறேன். பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும், குறுக்கே கேட்ட தம்பிக்கும், அமைதியாக இருந்து அஞ்ச வைத்த தலைவர் அம்மையாருக்கும், பந்தலை நம்பிக் கொடுத்த அண்ணாச்சிக்கும் என் நன்றி. பாண்டீஸ்வரிக்குப் பிள்ளை பிறக்கும்போது சடைச்சி கண்மாயில் மீன் இருக்க வேண்டும். இதற்கு மேல் எனக்கு ஒரு கொள்கையும் இல்லை. வணக்கம்.