லக்சனுக்குத் தனிச் சட்டி

ஒரு கால்பந்து அணியை எடைபோட உட்கார்ந்தால் கோல்கீப்பரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. எல்லாரும் கோல் அடிக்கிறவனிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், அதனால்தான் எல்லாரும் கோணலாகவே முடிக்கிறார்கள். நீங்கள் கேட்டது லக்சனைப் பற்றி, எனக்கு மறக்கவில்லை. அவன் முன்வரிசைக்காரன், அவன் முறை கடைசியில் வரும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் பேச ஆள் கிடைத்து நாளாகிறது.

எங்கள் கோல்கீப்பர் சிச்சோனேயை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் வழக்கமாக மைதானத்துக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று கத்துகிறவர். சிச்சோனேக்குக் கை நல்ல கை. ஆனால் கார்னர் பந்து வந்தால் கோல் கோட்டிலிருந்து ஓரடி நகரமாட்டான், மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகன் மாதிரி கூசிக்கொண்டு நிற்பான். இருந்தாலும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் சொன்னேன்.

யாரிடம் சொன்னேன் என்றால், கழகத் தலைவர் சிமுகோண்டாவிடம். ஒவ்வொரு பருவமும் முடிந்த பிறகு அவர் என்னைத் தன் இரும்புக் கடைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு இதைக் கேட்பார். எங்கள் முசோம்போ மைனர்ஸ் கழகத்தில் பயிற்சியாளர்கள் வருவார்கள், போவார்கள். சட்டை துவைத்து, பூட்ஸ் தைத்து, சோறு பொங்கிப் போடும் நான் மட்டும் தாமிரச் சுரங்கத்து உருக்காலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அங்கேயே இருக்கிறேன். இந்த வருஷம் நாங்கள் கோப்பை வாங்குவோம் என்று ஊரே பேசியது. கடைசியில் கீழ்ப் பிரிவுக்கு விழாமல் தப்பியதே பெரிய பாடாகிவிட்டது. சிமுகோண்டா தேநீரைக்கூடத் தொடவில்லை.

“சொல்லுங்க முடாலா. யாரை வெச்சுக்கலாம், யாருக்குக் கும்பிடு போட்டு அனுப்பலாம்? கோச்சு பேச்சை நம்பினதுக்கு ஊரே நம்ம மூஞ்சில காறித் துப்புது.”

முடாலா என்றுதான் என்னை எல்லாரும் கூப்பிடுவார்கள். வயதானவருக்குக் கொடுக்கும் மரியாதை. வேறு பெயர் சொல்ல வழியில்லாத வயதானவருக்கு.

இது உங்களுக்குப் புரியாது ஐயா. உங்களுக்கு முதல் பிள்ளை பிறந்த அன்றே நீங்கள் பாஷி கொம்பே ஆகிவிட்டீர்கள். கொம்பேயின் அப்பா. உங்கள் வீட்டுக்காரம்மா பானா கொம்பே, கொம்பேயின் அம்மா. தெருவில் போனால் நாலு பேர் உங்களை அப்படிக் கூப்பிடும்போது, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை காத்திருக்கிறது என்று அந்த நாலு பேரும் உங்களுக்குச் சொல்கிறார்கள். நீங்கள் அதைக் காதிலேயே வாங்கமாட்டீர்கள். இல்லாதவனுக்குத்தான் அது கேட்கும். பிள்ளை இல்லை என்று என் மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரே ஒரு ஆளுக்கு நிஷிமா கிளறிப் பாருங்கள். சோளமாவு அத்தனை கொஞ்சமாக இருந்தால் சட்டியில் எப்படியும் அடி பிடித்துவிடும். பல வருஷம் நான் கருகின நிஷிமாதான் சாப்பிட்டேன்.

பின்வரிசையைச் சொல்லிவிடுகிறேன். கபன்சா கல்யாணத்துக்குப் பிறகு வீணாய்ப் போய்விட்டான், பந்துக்கு முன்னால் அவன் தொப்பை போய்ச் சேருகிறது. அவனை அனுப்பச் சொன்னேன். நடுவில் ஆடும் பொனிஃபஸ் பந்தோடு பேசுவதைவிட நடுவரோடு பேசுவது அதிகம். ஆனால் அவன் கொடுக்கும் பாஸ் வேறு யாருக்கும் வராது, அவனை வைத்துக்கொள்ளச் சொன்னேன். தலைவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். முன்வரிசைக்கு வந்ததும் அவரே முந்திக்கொண்டார்.

“லக்சனை விட்டுடலாம். போன வருஷம் சிங்கம் மாதிரி இருந்தான். இந்த வருஷம் நிக்கவே தெம்பில்ல. நோஞ்சானைக் கட்டி அழ நம்மகிட்ட என்ன கொட்டியா கிடக்கு?”

நான் கூடாது என்றேன். அவனைப் போல ஒருத்தன் இந்தத் தாமிர மண்ணில் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்றேன். அவனுக்காக ஒருவர் பேசினார் என்றால் அது நான்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

லக்சன் கசோண்டே மன்சா ஊரிலிருந்து வந்தவன். வெளியூர் ஆட்டக்காரர்களை ஆதரவாளர்கள் வீட்டில் தங்கவைப்பது எங்கள் வழக்கம், அவனை என் வீட்டில் விட்டார்கள். தகரப் பெட்டி ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி, நாளெல்லாம் சிரிப்பு. அப்பா அவன் குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோய்விட்டார். ஒருநாள் நான் சந்தையில் கப்பெண்டா மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரி கூவினாள். “பாஷி லக்சன், உங்க பையன் நேத்து என்னமா அடிச்சான். வாங்க, இன்னொரு கை அள்ளிப் போடறேன்.” பக்கத்துக் கடைக்காரியும் அப்படியே கூப்பிட்டாள். ஒரு வாரத்தில் சந்தை முழுக்க நான் பாஷி லக்சன். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. தேவையில்லாத வெங்காயத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆட்டக்காரன் விழுந்தால் மாற்று ஆள் இறங்குவதில்லையா, அவன் அப்பா இடத்தில் நான் இறங்கியதையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது சட்டி. எதிர் அணிக்காரர்கள் சாப்பாட்டில் கைவைத்துவிடுவார்கள் என்ற பயம் எங்கள் பக்கத்து அணிகள் எல்லாவற்றுக்கும் உண்டு. வெளியூர் ஆட்டம் என்றால் தண்ணீரைக்கூடக் கட்டிக்கொண்டு போவோம். லக்சன் கோல்மேல் கோல் அடிக்க ஆரம்பித்ததும் கழகக் கமிட்டி கூடி முடிவு செய்தது. அவன் வெளியில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அவனுக்குத் தனிச் சட்டி, அதை என்னைத் தவிர ஒருத்தரும் தொடக் கூடாது. பொனிஃபஸ் அவனை ஓட்டித் தள்ளுவான். “டேய், உனக்கு மட்டும் ராஜா சாப்பாடு. நாங்கல்லாம் செத்தா கமிட்டிக்குச் செலவு மிச்சம்போல.” லக்சன் தன் தட்டிலிருந்து ஒரு கோழிக் காலை எடுத்து அவன் வாயில் திணித்துவிட்டு ஓடுவான். நான் கரண்டியோடு இரண்டு பேரையும் துரத்துவேன். என் வீட்டில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை.

போன பருவத்தின் முடிவில் லுசாக்காவிலிருந்து ஒரு பெரிய கழகத்து ஆள் வந்து அவன் ஆட்டத்தைப் பார்த்தார். அடுத்த பருவம் தொடங்கியதும் இன்னொரு ஆட்டம் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டிப்போகிறேன் என்று சொன்னார். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது லக்சனுக்கு வாய் ஓயவில்லை.

“முடாலா, மொத சம்பளத்துல உங்களுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி அனுப்பறேன். பெருசு. கதவு ரெண்டு வெச்சது.”

நல்ல மனசு. ஆனால் அந்த ஃபிரிட்ஜுக்குள் யாருக்காக நான் சாப்பாடு எடுத்து வைப்பேன் என்று அவன் யோசிக்கவில்லை. இளசுகள் யோசிப்பதில்லை, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. யோசிக்க வேண்டியது வீட்டில் பெரியவர்கள்தான்.

சந்தையில் எலிக்கு வைக்க ஒரு பொடி விற்பார்கள். லுசாக்கா ஆள் திரும்பி வந்த அன்று லக்சன் குழம்பில் துளி கலந்தேன். அவன் அன்றைக்கு ஓடாமல் இருந்தால் போதும் என்று மட்டும்தான் நினைத்தேன். அவன் ஓடவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான். லுசாக்கா ஆள் பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டார். அதோடு விட்டிருப்பேன் ஐயா. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு வாந்தி எடுத்தது. தலையைத் தாங்கிப் பிடித்தேன், முகம் துடைத்தேன், கஞ்சி ஊட்டினேன். காய்ச்சல் மயக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா என்றான். சந்தையில் ஆயிரம் பேர் கூப்பிட்டதும் அதுவும் ஒன்றாகுமா.

அவன் தேறி எழுந்து மைதானத்துக்குப் போனதும் வீடு பழையபடி ஆகிவிட்டது. அதனால் மறுபடியும் கொடுத்தேன். பிறகு அவனுக்கு எப்போதெல்லாம் நல்ல நிறம் திரும்பியதோ அப்போதெல்லாம் கொடுத்தேன். அளவு பார்த்துத்தான், பொறுப்பில்லாமல் அல்ல.

கமிட்டிக்காரர்கள் பதறிப் போனார்கள். எதிரிகளின் வேலை என்று சத்தியம் செய்தார்கள். என் வீட்டு வாசலில் ஒரு ஆளைக் காவல் போட்டார்கள். தலைவர் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். “இனிமே தண்ணிகூட முடாலா கையாலதான். பெத்த தாயே வந்து குடுத்தாலும் வாங்கக் கூடாது.” அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு உறுத்தியிருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது. யாரோ ஒருவர் கடைசியில் இந்தப் பையனை முழுசாக என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

வலது பக்கம் ஆடும் சம்பாவைச் சொல்ல விட்டுவிட்டேன். வேகம் உண்டு, மூளை கிடையாது. இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்றேன். தலைவர் அதை ஏற்றுக்கொண்டார். லக்சன் விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை.

பாருங்கள், நான் அதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷம் அணிகளை எடைபோட்டவன் நான். கோல் அடிக்காத முன்வரிசைக்காரனைக் கழகம் வைத்துக்கொள்ளாது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். என் கண் அதில் மட்டும் அவிந்திருந்தது. அவன் நன்றாக இருந்தால் லுசாக்கா கூட்டிப்போகும். நன்றாக இல்லாவிட்டால் முசோம்போ அனுப்பிவிடும். எந்தப் பக்கம் பார்த்தாலும் என் வீட்டுக் கதவுதான் திறந்துகொண்டது. தலைவர் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது வழியில் உட்கார்ந்து அழுதேன். கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரம், நீங்கள் வேண்டுமானால் விசாரிக்கலாம். சோளம் சுட்டு விற்கும் பெண் பார்த்தாள்.

லக்சனுக்குச் செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டது. அவன் தகரப் பெட்டியில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். அழுவான் என்று நினைத்தேன். இல்லை.

“அம்மா வரச் சொல்லிட்டாங்க முடாலா. அங்க ஏரி மீனைச் சாப்பிட்டு ரெண்டு மாசம் கிடந்தா ஒடம்பு தேறிடுமாம். அப்புறம் லுசாக்காகாரரைப் பாக்கறேன். நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க, உங்களை மறப்பேனா?”

தேறிவிடுவான் என்று எனக்குத் தெரியும். அந்தம்மா கையால் ஒரு வாரம் சாப்பிட்டாலே தேறிவிடுவான்.

அன்று மதியம் கோழி வாங்கினேன். நிலக்கடலை அரைத்து விட்டுக் கீரை வைத்தேன், அவனுக்கு அது உயிர். பொடியை இந்தத் தடவை அளக்கவில்லை. நன்றாகப் பசிக்கிறது, ரொம்ப நாளாக இப்படிப் பசித்ததில்லை என்று சொல்லிச் சாப்பிட்டான். எனக்கும் கொஞ்சம் ஊட்டப் பார்த்தான். எனக்கு வேண்டாம், நீ சாப்பிடு என்றேன். சட்டியில் மிச்சம் வைக்கவில்லை.

பஸ்ஸுக்கு அவன் போகவில்லை. நான் அவன் பக்கத்திலேயே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டிய நேரத்தில் தூக்கவில்லை என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள், அதுவும் சரிதான். தூக்கியிருந்தால் அவர்கள் என்னை வெளியே நிற்கச் சொல்லியிருப்பார்கள்.

மைதான வாசலில் மாவுருண்டை பொரித்து விற்கும் பெண்ணை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். லக்சன் அவளிடம் திருட்டுத்தனமாக வாங்கித் தின்றான், அதில்தான் விஷம் இருந்தது என்று ஊர் சொல்கிறது. அவள் கடையை உடைத்துவிட்டார்கள். அவளை விட்டுவிடுங்கள். அவள் உருண்டையில் பழைய எண்ணெய் நாற்றத்தைத் தவிர வேறு குற்றமில்லை. நானாக வந்ததை மனசாட்சி என்று நீங்கள் எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உண்மை வேறு. கடைசிச் சோற்றை அவன் கண்டவள் கையால் தின்றான் என்று அவன் தாயிடம் போய்ச் சொல்கிறார்களே, அதை என்னால் சகிக்க முடியவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்ட விதத்தில், நான் அவனுக்கு எதிரி என்று நினைக்கிறீர்கள் என்பது தெரிகிறது. யோசித்துப் பாருங்கள் ஐயா. கழகம் அவனைப் போ என்றது. லுசாக்கா வா என்றது. பெற்றவள் வந்துவிடு என்றாள். இரு என்று அவனிடம் சொன்னவன் நான் ஒருவன்தான்.